குடுவை கறுக்கவில்லை, ஆனால் ஒட்டுண்ணி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்ட லயத்தில், பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி அறிவியல் திட்டத்துக்காகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தான். "மாமா, குளோரின் போட்டு அரை மணி நேரத்துல எல்லாம் செத்துப்போச்சு" என்று எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைக் குடுவையைக் காட்டினான். கறுக்கவே இல்லை. வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். ஆனால் அட்டையில் 'ஒட்டுண்ணிகளைக் கொல்லும் குளோரின்' என்று எழுதியிருந்தான். தவறு அங்கேதான்.

பெரும்பாலும் மலத்தோடு வரும் பாக்டீரியா இருந்தால் அந்தக் குடுவை கறுக்கும். ஒட்டுண்ணியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினில் ஈ.கோலி பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தடித்த ஓட்டுக்குள் இருக்கும் இன்னொரு ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்துக்கோ (சுருக்கமாக கிரிப்டோ) 10 நாளுக்கு மேல்! 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் இந்தக் கிரிப்டோவால் நோயுற்றார்கள்.

இப்படிப்பட்ட சோதனைகளில் பலர் செய்யும் அடுத்த தவறு, மாதிரி எடுத்த பிறகு குளோரினை நிறுத்தாதது. புட்டிக்குள்ளும் அது கொன்றுகொண்டேதான் இருக்கும். அரை மணி நேரச் சோதனை என்று எழுதியிருப்போம், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் 5 மணி நேரம் ஓடியிருக்கும். சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் புட்டியில் முன்பே போட்டு வைத்தால் குளோரின் உடனே செயலிழந்துவிடும்.

சரி, ஒட்டுண்ணியையே நேராகச் சோதிக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். உயிர் இருப்பது வேறு, நோய் தரும் திறன் வேறு. புற ஊதா ஒளி பட்ட கிரிப்டோவின் ஓடு பிறகும் திறக்கும், ஆனால் உள்ளிருப்பது பெருகாது. ஓடு திறக்கிறதா என்று மட்டும் பார்த்த ஆய்வாளர்கள், புற ஊதா விளக்கு கிரிப்டோவுக்கு உதவாது என்றே பல காலம் நம்பினார்கள். 1990களின் கடைசியில் எலிகளுக்குத் தொற்றுகிறதா என்று பார்த்தபோதுதான், குறைந்த அளவு ஒளியே போதும் என்று தெரிந்தது.

அதற்காக, தெளிந்த தண்ணீரில் கிடைத்த முடிவை ஆற்றுத் தண்ணீருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். மழை பெய்தால் நம் ஆறு தே தாரேக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறிவிடும். அந்தக் கலங்கலுக்குள் ஒளி புகாது. குளோரினையும் சேறும் இலைச்சாறுமே தின்றுவிடும்.

பையனிடம் தலைப்பில் 'ஒட்டுண்ணி'யை அடித்துவிட்டு 'பாக்டீரியா' என்று எழுதச் சொன்னேன். உயிருள்ள ஒட்டுண்ணியைப் பள்ளியில் கையாளவே வேண்டாம். அப்புறம், குடிக்கிற தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடச் சொன்னேன். அதில் கிரிப்டோவும் தப்பாது.