வீட்டில் இரண்டு மொழி: ஒரு களியக்காவிளைக் கணக்கு

என் மகள் இரண்டு வயதில் "வெள்ளம் தா" என்பாள். அது தமிழா மலையாளமா என்று திருநெல்வேலி உறவினர்கள் சிரிப்பார்கள். கேரள எல்லையை ஒட்டியிருக்கும் களியக்காவிளைக்காரனுக்கு அந்தக் கேள்வியே புரியாது. தண்ணீரை நாங்களும் வெள்ளம் என்போம். மனைவிக்கு ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை.

"ஒரே மொழி பேசுங்கள், குழந்தை குழம்பிவிடும்" என்று ஓர் ஆசிரியை சொன்னதை நம்பி, இரண்டு மாதம் வீட்டில் மலையாளத்தை நிறுத்தினோம். மாமியாருக்கும் பேத்திக்கும் பேச்சே அற்றுப்போனதுதான் மிச்சம். இருமொழிக் குழந்தைகள் சளைத்தவர்கள் அல்ல என்பதை மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் ஆகியோரின் ஆய்வு 1962இலேயே காட்டிவிட்டது.

இரண்டு மொழியும் வளர வேண்டுமானால், முதலில் கைபேசியை எடுத்து உள்ளே வையுங்கள். 2003இல் ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் அமெரிக்கக் கைக்குழந்தைகளைச் சீன மொழி கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் பேசியபோது அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. எங்கள் வீட்டில் மாமியார் பலாச்சுளை பிரித்து, கொட்டையைத் தட்டில் போட்டபடி "சக்கக்குரு" என்பார். மகள் விரலெல்லாம் பிசுபிசுக்க ஒவ்வொன்றாக எண்ணுவாள், பாதி தமிழில், பாதி மலையாளத்தில்.

திருத்தாதீர்கள். "மழ பெய்யுந்நு" என்றால், "ஆமாம், மழை பெய்கிறது" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுக்க ஓடுங்கள்.

சொற்களை எண்ணினால் இரண்டு மொழியையும் கூட்டுங்கள். எங்கள் நோட்டில் தமிழ் 38, மலையாளம் 31. தமிழை மட்டும் பார்த்துப் பயந்தது என் முட்டாள்தனம்.

பெரியவர்களுக்கும் வழி உண்டு. மலையாள எழுத்தை நான் 34 வயதில், திருவனந்தபுரம் பஸ்களின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கற்றேன். இரண்டு முறை தவறான பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.