பல்லைப் பார்த்து வயது கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டிவந்து காவிரிப் படுகை வயல்களில் எருவுக்காகக் கிடை போடுவது நெடுநாளைய வழக்கம். அந்த மந்தைகளுக்குப் பின்னால், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அனுப்பப்பட்ட சிறுவர்களும் சில நேரங்களில் வருகிறார்கள். அப்படியொரு சிறுவன் மீட்கப்படும்போதும், நிறுத்தப்பட்ட ஒரு திருமணத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை அழைத்துவரப்படும்போதும் முதலில் எழும் கேள்வி வயதைப் பற்றியதுதான். 14 வயது நிறையாத பிள்ளையை அந்நியர் வேலைக்கு வைத்துக்கொள்வது குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்குத் தடை. 18 நிறையாத பெண்ணுக்கு நடப்பது குழந்தைத் திருமணம். ஓராண்டு கூட்டியோ குறைத்தோ சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய பாதுகாப்பே கைநழுவிப் போகக்கூடும் என்பதால், பல்லைப் பார்த்து வயது சொல்லும் வேலையில் வழக்கமாக நேரும் பிழைகளை மருத்துவர்கள் மட்டுமன்றி, அந்த அறிக்கையைக் கையாளும் அலுவலர்களும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு, ஆவணத்தைத் தேடுவதற்கு முன்பே வாயைத் திறக்கச் சொல்வது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவில் வரிசையைத் தெளிவாக வகுத்திருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இவை எவையும் இல்லாதபோதுதான் குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ ஆணையிட்டு, எலும்பு முதிர்ச்சிச் சோதனை அல்லது வேறு மருத்துவச் சோதனை, அதுவும் ஆணையிட்ட 15 நாட்களுக்குள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது கூரையோடு காகிதங்களையும் இழந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் வீட்டில் இருந்த சான்றிதழ் தொலைந்ததாலேயே பதிவும் தொலைந்துவிட்டதென்று கொள்ளக் கூடாது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் பிறப்புப் பதிவேட்டையும் தேடிப் பார்த்த பிறகே மருத்துவமனைக்கு எழுத வேண்டும்.

உயரத்தையும் மீசையையும் கண்டு வயதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, பிறகு பல்லில் அதற்குச் சாட்சி தேடுவது அடுத்த தவறு. வெயிலிலும் பசியிலும் வளர்ந்த பிள்ளை வயதுக்குக் குறைவாகத் தெரிவான்; உடல் உழைப்பால் முகம் முற்றிய பிள்ளை கூடுதலாகத் தெரிவான். இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளில் சிறுவர் உழைப்புக்கு வரம்பு கட்டியபோது இதே சிக்கல் எழுந்தது. உயரத்தைவிடப் பற்களே நம்பத்தக்க அளவுகோல் என்று 1837இல் பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ் வாதிட்டதும் வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் பொருட்டுத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஈறுக்கு மேலே தெரியும் பற்களை எண்ணி வயது சொல்லிவிடுவது. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று மாட்டைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் நம் ஊர்ச் சந்தைகளில் ஊறியது. மாட்டு வியாபாரத்துக்கு அந்தக் கணக்குப் போதும். பிள்ளைகள் விஷயத்தில் அது போதாது. சுமார் 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வரும், 6 முதல் 8 வயதுக்குள் முன்பற்கள் மாறும், 12 வயதை ஒட்டி இரண்டாம் கடைவாய்ப்பல் வரும் என்பவை சராசரிகள்தாம். பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சில மாதங்கள் முந்தும். அதற்கும் மேலாக, ஒரு பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் நேரத்தை வாய்க்குள் நடக்கும் பல நிகழ்வுகள் மாற்றிவிடுகின்றன. சொத்தையான பால் பல்லை மிகச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் எலும்பு மூடிக்கொண்டு அடுத்த பல் தாமதிக்கலாம். விழவேண்டிய காலத்தை நெருங்கும்போது பிடுங்கினால் அடுத்த பல் முந்தியும் வரலாம். தாடையில் இடமில்லாவிட்டால் பல் உள்ளேயே தங்கிவிடும். ஊட்டக்குறையும் தைராய்டு சுரப்புக் குறைவும் பல் முளைப்பதைப் பிற்போடும்.

இவற்றோடு ஒப்பிட்டால், தாடைக்குள்ளே பல்லின் கிரீடம் எனப்படும் மேற்பகுதி உருவாகி, வேர் நீண்டு, வேர் நுனி மூடுகிற வளர்ச்சி சீராக நடப்பது. வாழ்க்கைச் சூழலின் பாதிப்பு அதில் குறைவு. ஆகவே வயதைக் கணிக்க எக்ஸ்ரே வேண்டும். அதிலும் இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே வேண்டும். வெறுங்கண்ணால் பார்த்து எழுதப்பட்ட ஒரு வரிச் சான்றை வழக்கின் அடித்தளமாக வைப்பது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அருகிலுள்ள மருத்துவமனையில் ஒற்றைப் பல்லைப் படம் எடுக்கும் சிறு கருவி மட்டுமே இருந்தால், ஓபிஜி வசதி உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பல் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

பற்களை எண்ணுவதால் வரும் கேடு எந்த வயதில் மிகுதி என்பதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 13 வயதில் 28 பற்களும் வந்துவிடுகின்றன. அதன் பிறகு ஞானப்பல் தலைகாட்டும் 17 அல்லது அதற்கும் மேற்பட்ட வயது வரை வாய்க்குள் எண்ணிக்கை மாறுவதே இல்லை. சட்டம் 14க்கும் 18க்கும் கோடு போட்டிருக்கும் அதே காலத்தில்தான் வெறுங்கண்ணுக்குப் பற்கள் எதையும் சொல்வதில்லை. எக்ஸ்ரே இருந்தால் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி மூடிவிட்டதா, ஞானப்பல்லின் வேர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பவற்றிலிருந்து ஓரளவு பிரித்தறியலாம்.

ஞானப்பல் வரவில்லை, ஆகவே 18 ஆகவில்லை என்பதும் தவறு. வந்துவிட்டது, ஆகவே 18 ஆகிவிட்டது என்பதும் தவறு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஞானப்பற்களில் ஒன்றேனும் உருவாவதே இல்லை. சிலருக்குத் தாடைக்குள் படுத்த நிலையில் சிக்கிக்கொள்கிறது. சிலருக்கு முன்பே பிடுங்கப்பட்டிருக்கும். 18 நிறைவதற்கு முன்பே வேர் நுனி மூடிவிடுகிறவர்களும் உண்டு, 20 கடந்தும் மூடாதவர்களும் உண்டு.

அடுத்தது, அளவுகோல் யாருடையது என்று கேளாமல் எடுத்துக்கொள்வது. உலகெங்கும் கையாளப்படும் டெமிர்ஜியன் முறை 1973இல் கனடாவின் பிரெஞ்சு வம்சாவளிக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டது. கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களில் ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் எட்டு நிலைகளாகப் பிரித்து மதிப்பெண் இட்டு வயதாக மாற்றுவது அதன் வழி. இந்தியப் பிள்ளைகளிடம் அது உண்மை வயதைவிடக் கூட்டிக் காட்டும் போக்கு பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஞானப்பல்லையும் சேர்த்து இந்தியர்களுக்கான சூத்திரம் ஒன்றை 2011இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஆச்சார்யா வெளியிட்டார். ஆண், பெண் அட்டவணைகள் தனித்தனியானவை. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தினாலும் விடை பிழையாகும். அந்த ஏழு பற்களும் முழுமையாக வளர்ந்துவிட்டால் டெமிர்ஜியன் முறை தன் எல்லையை எட்டிவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அப்போது கிடைக்கும் 16 என்ற எண்ணுக்கு 16 அல்லது அதற்கு மேல் என்றுதான் பொருள். அதைச் சரியாக 16 என்று எழுதும் அறிக்கை, 19 வயது இளைஞனையும் 16 என்றே காட்டும்.

பலவீனங்களை அறிந்து செய்த கணிப்பும் அறிக்கையில் ஏறும்போது கெட்டுப்போவதுண்டு. மருத்துவர் “15 முதல் 17 வரை இருக்கலாம்” என்று எழுதுவார். முகப்புக் கடிதத்தில் அது “சுமார் 16” ஆகும். அடுத்த அலுவலகத்தில் “சுமார்” உதிர்ந்து வெறும் 16 நிற்கும். எக்ஸ்ரே வழியாகக் கணிக்கும் வயதில் இருபுறமும் இரண்டாண்டு வரை பிழை இருக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982இல் ஜெயமாலா வழக்கிலேயே கருத்தில் கொண்டது. ஆகவே ஒற்றை எண் கேட்டு மருத்துவரை நெருக்குவதும், நெருக்கடிக்கு இணங்கி அவர் எழுதிக்கொடுப்பதும் ஒருபோல் தவறு. கிடைத்த இடைவெளி 18 என்ற கோட்டின் இருபுறமும் விழுந்தால், விழுகிறது என்றே எழுத வேண்டும். முடிவு செய்வது குழுவின் அல்லது நீதிமன்றத்தின் பொறுப்பு. பல்லை மட்டும் நம்பாமல் மணிக்கட்டு, முழங்கை, இடுப்பெலும்பு எக்ஸ்ரேக்களையும் பொது உடற்பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

பரிசோதிக்கப்படுவது ஒரு பிள்ளை என்பதை மறப்பதும் தவறுகளில் ஒன்றுதான். வாயை ஏன் பார்க்கிறோம், இந்தப் படம் எதற்கு என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லி, அவனுடைய அல்லது அவளுடைய சம்மதத்தையும் பொறுப்பாளரின் சம்மதத்தையும் பெற்ற பிறகே தொட வேண்டும். பெண் பிள்ளையாக இருந்தால் பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும். கருவுற்றிருக்கக்கூடிய நிலை உண்டா என்று கேட்காமல் எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பக் கூடாது.

அறிக்கையில் எந்த முறை பயன்படுத்தப்பட்டது, எந்தெந்தப் பல் எந்த நிலையில் இருந்தது, எந்தப் பல் பிடுங்கப்பட்டிருந்தது அல்லது உருவாகவே இல்லை, வயது இடைவெளி எவ்வளவு என்பவை வரிசையாக இருக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் அடையாள எண்ணும் எடுத்த தேதியும் பதிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வழக்கில், பரிசோதித்த நாளின் வயதைச் சம்பவம் நடந்த நாளின் வயதாக யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாதிருக்க அந்தத் தேதி ஒன்றே துணை. படத்தின் நகல் கோப்பிலேயே இருந்தால், வேறொரு மருத்துவர் பிள்ளையை மீண்டும் அலைக்கழிக்காமல் கணிப்பைச் சரிபார்க்க முடியும்.