கோட்டைச் சுவரை குர்தாவில் ஒட்டாதீர்கள்

நகரமும் அது மனிதரைக் கட்டுப்படுத்தும் விதமும்தான் கரு என்று சொல்லிக்கொண்டு வரும் டிசைன் மாணவர்கள் பலர், முதல் வேலையாக வேலூர் கோட்டைச் சுவரைப் படமெடுத்து குர்தாவில் பிரிண்ட் போட்டுவிடுகிறார்கள். அது சுற்றுலா பனியன். சுவரின் கல்லை விடுங்கள், சுவர் ஆளை என்ன செய்கிறது என்று பாருங்கள். அகழி குறுக்கே நிற்கிறது, நாம் வாசலைத் தேடிச் சுற்றிப் போகிறோம். பொத்தான் முன்னால் இல்லாமல், விலாவைச் சுற்றித் தேடிப் போட வேண்டிய சட்டை ஒன்றைத் தைத்தால் கோட்டை அதில் வந்துவிடும்.

அடுத்தது, பொருளின் அர்த்தத்தை மறப்பது. பக்கத்தில் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கின்றன, தோல் எளிதில் கிடைக்கிறது; 'அடக்குமுறை' என்றாலே தோல் பட்டை. இதே கோட்டையில் ஒரு தோல் துண்டு என்ன பாடு படுத்தியது! மதராஸ் படைத்தளபதி ஜான் கிரடாக் காலத்தில் வந்த உடை விதிப்படி சிப்பாய்களுக்கு நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தலையில் தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கலகம் வெடித்தது. தொப்பி மட்டும் காரணமில்லை. திப்புவின் பிள்ளைகளும் அப்போது உள்ளே காவலில் இருந்தார்கள். ஆனாலும் அந்த விதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, கிரடாக்கும் கவர்னர் பென்டிங்கும் பதவியிழந்தார்கள். ஆகவே யார் தலையில், யார் சொல்லி, எந்தத் தோல் என்று கேட்காமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

கட்டம் வேண்டுமென்றால் டிஜிட்டல் பிரிண்ட் எதற்கு? குடியாத்தம் லுங்கியில் கட்டம் தறியிலேயே விழுகிறது.

காக்கியை அப்படியே நகலெடுப்பதும் வேண்டாம். கற்பனை வறட்சி, வம்பும் கூட.

அப்புறம், பொம்மைக்கு மாட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்பது. ஒரு மாணவி நெரிசலைக் காட்ட ஆர்ம்ஹோலை, அதாவது கை நுழையும் வளைவை, இறுக்கிப் பிடித்திருந்தார். பொம்மையில் பிரமாதம். காட்பாடி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்ததும் மொத்த ஜாக்கெட்டும் இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. இறங்கும்வரை ஒரு கையால் கீழே இழுத்துக்கொண்டே வந்தார். மறுநாள் காடாத்துணியில் திரும்ப வெட்டினோம். ஆர்ம்ஹோலைத் தளர்த்தவில்லை. அவர் கை போன இடத்தில், விளிம்பில், இழுத்துப் பிடிக்க ஒரு நாடா வைத்தோம்.