நம்ம மூஞ்சிக்கு இங்கிலீஷ் ஒட்டாதா?

தாராவி தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் ஒரு மாடியறையில், ராத்திரி எட்டு மணிக்குப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தோல் பட்டறைக்காரர்கள், இட்லி வியாபாரம் பார்க்கும் அக்காக்கள். நீங்களும் இப்படி எடுக்கப்போகிறீர்கள் என்றால் முதல் நாள் இலக்கணத்தைத் தொடாதீர்கள். ஆங்கிலம் ஏன் வரவில்லை என்று அவர்களையே கேளுங்கள். "நம்ம மூஞ்சிக்கு அது ஒட்டாது டீச்சர்" என்றார் பை தைக்கும் அண்ணன் ஒருவர். அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது.

அப்புறம் இதைச் சொல்லுங்கள். 1992-ல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் என்பவர் மாணவர்களுக்கு ஒரே குரல் பதிவைப் போட்டார். பேசியவர் அமெரிக்கப் பெண். ஆனால் ஆசிய முகப் படத்தைக் காட்டியபோது, கேட்டவர்களுக்கு அதே குரலில் அந்நிய உச்சரிப்பு கேட்டது. அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்போ கோளாறு காதுலயா?"

சரி, உச்சரிப்பே வேண்டாமா? பொருள் மாறும் இடத்தில் வேண்டும். பைக்கும் முதுகுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்'தான். தங்கத்தில் வரும் க ஒலியில் முடித்தால் பை. பாக்கில் வரும் க ஒலியில் முடித்தால் முதுகு. வியாபாரிக்கு இது முக்கியம். பத்து நிமிடம் தங்கம், பாக்கு என்று சத்தம் போட்டோம். கீழ்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

யூடியூப் பார்த்து அமெரிக்கர் மாதிரி 'வாட்டர்' என்பதை 'வாரர்' ஆக்கியவரை நான் திருத்துவதில்லை. பழகச் சொல்வதும் இல்லை. பக்கத்து மாட்டுங்காவில் யாரும் அப்படித் தண்ணீர் கேட்பதில்லை.