வெளிநாட்டுக்குக் கட்டணம் அனுப்பும்போது ஒரு சின்னக் கட்டம்

கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ பிள்ளையின் படிப்புக் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்புகிறீர்களா? வங்கிச் செலவை யார் ஏற்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘ஓ.யு.ஆர்’ (OUR), அதாவது முழுச் செலவும் அனுப்புபவருக்கே என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘எஸ்.எச்.ஏ’ (SHA), அதாவது செலவை இருவரும் பகிர்வது என்று போட்டால், இடையில் உள்ள வங்கி அனுப்பிய பணத்திலேயே தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். என் மகளுக்கு அப்படித்தான் 20 பவுண்டு குறைந்து, பதிவே தொங்கலில் நின்றது. அந்த 20 பவுண்டுக்கு எத்தனை மின்னஞ்சல்! குறிப்புப் பகுதியில் மாணவர் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், பிடிபிடிஎன் (மலேசிய அரசின் உயர்கல்விக் கடன் நிதி) தரும் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை வெளிநாட்டுப் படிப்புக்கும் எடுக்கலாம். அந்தச் சேமநிதியின் பழைய இரண்டாம் கணக்குக்கு 2024 மே முதல் செஜாத்திரா என்று பெயர், அதிலிருந்து எடுக்க வேண்டும்.