சமுதாயக் கல்லூரியில் படித்துக்கொண்டே அமெரிக்க ராணுவ அதிகாரிப் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவில் ராணுவ அதிகாரியாக விரும்பும் மாணவர்களுக்கு வெஸ்ட் பாயின்ட் அகாடமிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்நாட்டுத் தரைப்படைக்குப் பெருமளவில் இளம் அதிகாரிகளை அளிப்பது, 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவான ஆர்.ஓ.டி.சி. என்னும் பல்கலைக்கழகப் பயிற்சித் திட்டமே. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த காலின் பவல், நியூயார்க் சிட்டி காலேஜில் இப்பயிற்சியை முடித்து 1958இல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். பின்னர் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராகவும் உயர்ந்தார். கட்டணம் குறைவு என்பதால் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, அதன்பின் பல்கலைக்கழகத்துக்கு மாறத் திட்டமிடும் மாணவரும் இதே வழியில் முதல் நாளிலிருந்தே நடக்கத் தொடங்கலாம் என்பது பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலும் தனியாக ஆர்.ஓ.டி.சி. பிரிவு இருப்பதில்லை. அருகிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்று பயிற்சியை நடத்தும். சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியில் படித்தபடியே அங்கு சென்று பயில்வார்கள். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் விமானப்படைப் பிரிவையும், சான்டா கிளாரா பல்கலைக்கழகம் தரைப்படைப் பிரிவையும் நடத்தி வந்திருக்கின்றன. வடக்கு வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் அத்தகைய தரைப்படை மையம். உங்கள் கல்லூரி எந்த மையத்தோடு இணைந்திருக்கிறது என்பதை அந்தந்தப் படையின் ஆர்.ஓ.டி.சி. இணையதளத்தில் தேடிக் கண்டறியுங்கள். தரைப்படை 2025இல் தன் பிரிவுகளை மறுசீரமைக்கத் தொடங்கியதால், பழைய பட்டியலை நம்பாமல் அந்த மையத்தின் சேர்க்கை அதிகாரியிடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

அந்த முதல் சந்திப்பில் மூன்று செய்திகளைத் தெளிவாகக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் வருகை மாணவராகப் பதிவு செய்ய வேண்டுமா, அதற்குக் கட்டணம் உண்டா? வகுப்புக்குக் கிடைக்கும் கிரெடிட் உங்கள் சமுதாயக் கல்லூரியின் பதிவேட்டில் ஏறுமா? அதிகாலை உடற்பயிற்சிக்கும் வாராந்தரத் தலைமைப் பயிற்சிக்கும் போய்வரும் நேரத்தை உங்கள் கால அட்டவணை தாங்குமா? மூன்றாவதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டிச் சென்று, எட்டரை மணிக்கு வேறு ஊரில் கணித வகுப்பில் உட்கார வேண்டியிருந்தால், எவ்வளவு ஆர்வமுள்ள மாணவரும் தளர்ந்துவிடுவார் என்பதால், பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளின் பாடங்களைத் தரைப்படையில் அடிப்படைப் பயிற்சி என்பார்கள். உதவித்தொகை பெறாமலும், படையில் சேவை செய்வதாக உறுதியளிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலும் இவற்றைப் படிப்பவருக்கு ராணுவச் சேவைக் கடமை எதுவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த செமஸ்டரில் நின்றுவிடலாம். இதைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் பெயர் கொடுத்தவுடனேயே பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்திலேயே பல வீடுகளில் பேச்சு முடிந்துபோகிறது. தமிழ்நாட்டில் என்.சி.சி.யில் இருந்த பெற்றோருக்குச் சீருடையும் அணிவகுப்பும் பழகியவையாகத் தோன்றும். ஆனால் இங்கே இது பட்டப்படிப்போடு இணைந்த பாடமாகவும், இறுதியில் அதிகாரிப் பதவிக்கே இட்டுச்செல்வதாகவும் அமைந்திருக்கிறது.

வகுப்பில் கற்பது முதலில் வரைபடமும் திசைகாட்டியும். 1:50,000 அளவிலான நிலவரைபடத்தில் கட்ட எண்களைக் கொண்டு ஓரிடத்தைக் குறிக்கவும், நூறு மீட்டருக்குத் தன் காலடிகள் எத்தனை என்று கணக்கிட்டுக் காட்டில் அந்த இடத்தை அடையவும் பழக வேண்டும். அடுத்து வருவது கட்டளை கொடுக்கும் முறை. நிலவரம், பணி, செயலாக்கம், தளவாட ஆதரவு, தலைமையும் தகவல் தொடர்பும் என்று ஐந்து பத்திகளில் எந்தச் செயலையும் விளக்கிச் சொல்லக் கற்பிக்கிறார்கள். என் கருத்தில் இந்தப் பயிற்சியில் மிகவும் மதிப்புள்ள பகுதி இதுவே. சக மாணவர் ஒன்பது பேர் முன்னால் நின்று, குழப்பமின்றி, விடுபடாமல், அவர்கள் திரும்பிச் சொல்லும் அளவுக்குத் தெளிவாகப் பேசப் பழகிய பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தத் திறன் எந்தத் துறையிலும் துணை நிற்கும்.

உடல் தகுதிக்கு, 2025 ஜூன் முதல் தரைப்படையில் நடைமுறையில் உள்ள தேர்வில் ஐந்து பகுதிகள் உண்டு: எடை தூக்குதல், ஒவ்வொரு முறையும் கையைத் தரையிலிருந்து எடுத்துச் செய்யும் தண்டால், ஓடி இழுத்துச் சுமக்கும் பந்தயம், முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம். சேரும்போதே எல்லாவற்றிலும் தேறிவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் கோடை விடுமுறையில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடிப் பழகியவர், முதல் மாதத்தில் காயம்படாமல் தப்பிக்கிறார்.

சமுதாயக் கல்லூரி மாணவரைப் பொறுத்தவரை வெற்றியும் தோல்வியும் முடிவாவது பயிற்சித் திடலைவிட, பல்கலைக்கழகத்துக்கு மாறும் இடத்தில்தான். அதிகாரியாகப் பொறுப்பேற்க இளங்கலைப் பட்டம் தேவை. கடைசி இரண்டு ஆண்டுகளான மேல்நிலைப் பயிற்சியும் பட்டப்படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளும் ஒன்றாக நடந்து, ஒன்றாக முடிய வேண்டும். சமுதாயக் கல்லூரியில் எடுத்த பாடங்களில் சிலவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தால், பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும், பயிற்சிக் கணக்கும் குலையும். ஆகவே முதல் செமஸ்டரிலேயே, நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தில் ஆர்.ஓ.டி.சி. இருக்கிறதா என்று பார்த்து, அங்கே எந்தப் பாடங்கள் ஏற்கப்படும் என்பதைக் கல்வி ஆலோசகரிடம் எழுத்தில் பெற்று, பட்டம் முடியும் வரையிலான செமஸ்டர் வாரித் திட்டத்தைத் தயாரியுங்கள். ஒப்பந்தம் செய்யும் காலத்தில் இதே திட்டத்தைத் தனிப் படிவத்தில் நிரப்பித்தான் தர வேண்டியிருக்கும்.

உங்கள் கல்லூரிக்கு அருகில் மையமே இல்லையென்றாலும் வழி அடைபடவில்லை. முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சியைத் தவறவிட்டவர்கள், கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் கோடையில் நடக்கும் சுமார் ஒரு மாத அடிப்படை முகாமை முடித்து, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மேல்நிலைப் பயிற்சியில் நேரடியாகச் சேரத் தரைப்படை இடமளிக்கிறது. விமானப்படையில் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகான கோடைக் களப் பயிற்சிக்குத் தேர்வாவது போட்டி மிகுந்தது என்பதால், அதை விரும்புவோர் முதல் ஆண்டிலேயே தொடங்குவது நல்லது.

குடியுரிமை குறித்து ஐயமின்றி இருங்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திட அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் மைய அதிகாரிகளின் அனுமதியுடன் தொடக்க வகுப்புகளில் சேரலாம். மேலே செல்லக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டுடன் பெற்றோரோடு வாழ்ந்து, பதினெட்டு வயதுக்குள் அவர்களில் ஒருவர் குடியுரிமை பெற்றதால் தானும் குடிமகனான பிள்ளை, அதற்கான சான்றையோ பாஸ்போர்ட்டையோ முன்னதாகவே எடுத்துவைக்கட்டும். பாதுகாப்புச் சரிபார்ப்பில் வெளிநாட்டு உறவினர்களைப் பற்றிக் கேட்பார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ தாத்தா பாட்டி இருப்பது குற்றமன்று, மறைப்பதே சிக்கல். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது என்றாலும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவப் பரிசோதனையிலும் இதே நேர்மை வேண்டும்: பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் அது தடையாகும், ஆனால் விலக்கு கோரி விண்ணப்பிக்கலாம். பழைய மருத்துவக் குறிப்புகளை இப்போதே திரட்டத் தொடங்குங்கள்.

தரைப்படையில் ஒப்பந்தம் செய்த கேடட்டுக்கு, அதாவது பயிற்சி மாணவருக்கு, கல்வியாண்டில் மாதம் 420 டாலர் படி கிடைக்கும். உதவித்தொகை பெறுவோருக்குக் கல்விக் கட்டணமோ தங்கும் செலவோ கிடைப்பதுடன் புத்தகப் பணமும் உண்டு. அதற்கு ஈடாக மொத்தம் எட்டு ஆண்டுச் சேவைக் கடமை வருகிறது. உதவித்தொகை பெற்றவர் பொதுவாக அதில் நான்கு ஆண்டுகளை முழுநேரப் பணியிலும் மீதியை ரிசர்வ் என்னும் இருப்புப் படையிலும் கழிப்பார். நேஷனல் கார்ட் (National Guard) என்னும் மாநிலப் படையையோ ரிசர்வையோ தேர்ந்தெடுத்தவர் வேறு வேலை பார்த்தபடியே பகுதிநேரமாகப் பணியாற்றுவார். பயிற்சியைப் பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரலாம் என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருக்கும். எனவே தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பெற்றோருடன் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு சேர்க்கை அதிகாரியிடம் விளக்கம் கேளுங்கள், விளக்கம் கிடைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.