காலையில் குடும்பிமலை, மாலையில் வாவி: ஒரு நாள் பயணத்தை வழிநடத்தும் முறை

மட்டக்களப்பு நகரைச் சுற்றி நீர் இருக்கிறது. ஏறுவதற்கு மலை இல்லை. மலை வேண்டுமானால் திருகோணமலை வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை கடந்து கிரான் வரை சென்று, அங்கிருந்து மேற்கே வயல்வெளிகளுக்கும் காட்டுக்கும் ஊடாகக் குடும்பிமலையை அடைய வேண்டும். சிங்களத்தில் தொப்பிகல என்று அழைக்கப்படும் இந்த மலைக்கு நம்மவர் இட்ட பெயரே பொருத்தமானது என்பது என் எண்ணம். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது முடிந்து வைத்த குடும்பியைப் போலவே தனித்து நிற்கிறது. காலையில் அதில் ஏறி இறங்கி, மாலையில் கல்லடிக்கு வந்து கயாக்கில் வாவியில் துடுப்பு வலித்துக் கரையேறுவதை ஒரே நாளுக்குள் செய்யலாம். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் உறவினரையும் நண்பரையும் ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட குழுவாக அழைத்துச் செல்ல விரும்பும் உள்ளூர்வாசியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி மறக்கக் கூடாதவை இரண்டு நேரங்கள்: மலையில் காலை 9.30, வாவியில் மாலை 5.00. குழு எந்த இடத்தில் நின்றாலும், உச்சிக்கு இன்னும் சிறிது தூரமே மீதம் இருந்தாலும், அந்த நேரத்தில் திரும்பத் தொடங்க வேண்டும். இதைப் பயணத்திற்கு முதல் நாளே அனைவருக்கும் சொல்லிவிடுவது நல்லது. மலையின் நடுவில் நின்று சொன்னால் அது கெடுபிடியாகவே கேட்கும். ஒருமுறை உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்காக முக்கால் மணி நேரம் விட்டுக்கொடுத்தேன். இறங்கும்போது பாறை சுட்டது, தண்ணீர் தீர்ந்தது, வயதில் மூத்த ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்றைய வாவிப் பயணத்தையும் கைவிட நேர்ந்தது. அதன் பிறகு நேரத்தை நான் தளர்த்தியதில்லை.

மாதத்தைத் தேர்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நமது மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி நவம்பர் தொடங்கி ஜனவரி வரையான வாடைக் காலத்தில் பெய்கிறது. அந்நாட்களில் கிரானுக்கு மேற்கே உள்ள வீதி வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் படகில் கடந்து செல்லும் நிலை வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வாவியும் நிரம்பி முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும். ஆகவே பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரையான காலமே உகந்தது. அதற்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நிலம் பச்சையாகவும் காற்று மென்மையாகவும் இருக்கும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரலில் வெப்பம் ஏறுவதோடு பிற்பகல் இடிமழையும் வரலாம். மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வறட்சியாகவும் சூடாகவும் வீசும். அக்காலத்தில் மலைப்பயணம் சாத்தியமே. ஆனால் வாவியில் இறங்கலாமா என்பதை அன்று பிற்பகல் கரையில் நின்று பார்த்த பின்னரே முடிவுசெய்ய வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை சில உண்டு. காட்டுப்பாதையின் நிலை, அனுமதி தேவையா என்பது, யானை நடமாட்டம் ஆகிய மூன்றையும் கிரான் பக்கத்தில் உள்ள ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். அப்பகுதியில் மாடு மேய்ப்பவர்களே இதற்குச் சிறந்த தகவலாளர்கள். முந்தைய இரவு யானை எந்தப் பக்கம் இறங்கியது என்பதைப் பட்டியில் படுத்தவர்களைப் போல் வேறு யாரும் அறியமாட்டார்கள். வரப்போகிறவர்களிடம் இதய நோய், மூச்சுத்திணறல், வலிப்பு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை ஆகியவை பற்றித் தனித்தனியே கேளுங்கள்; குழுவின் முன் கேட்டால் உண்மையான விடை கிடைப்பதில்லை. நீந்தத் தெரியுமா என்பதையும் அவ்வாறே கேட்க வேண்டும். பின்னர் அனைவரின் பெயர், வீட்டார் தொலைபேசி எண், செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பயணத்தில் சேராத பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். மாலை 7 மணிக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் அவர் தேடத் தொடங்குவார் என்பது இருவருக்கும் தெளிவாக இருக்கட்டும்.

பொதிகளைப் பொறுத்தவரை, மலைக்கு மட்டும் ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். குறைவாகக் கொண்டுவருபவரை வாகனத்தில் ஏற்றும் முன்பே நிறுத்தி நிரப்பச் செய்யுங்கள். ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொடி) பைக்கற்றுகள், தோடம்பழம், விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, அடி வழுக்காத சப்பாத்து, முதலுதவிப் பெட்டி, விசில் ஆகியவை போதும். வாவிக்கான மாற்றுடையை வாகனத்தில் விட்டுச் செல்லலாம்.

நகரிலிருந்து 4.45 அளவில் புறப்பட்டால் இருள் பிரியும் நேரத்தில் கிரானில் நிற்கலாம். அதற்கு மேல் இருட்டில் செல்ல வேண்டாம். அதிகாலை இருள் யானைக்கு உரிய நேரம். சந்தியில் ஒரு தேநீர் குடித்து, நிலம் தெளிவாகத் தெரிந்த பின் மேற்கே திரும்புங்கள். வீதியில் யானை நின்றால் ஒலி எழுப்பாமல், விளக்கை அணைத்து, வாகனத்தைப் பின்னால் எடுத்துக் காத்திருக்க வேண்டும். நடக்கும்போது புதிய இலத்தி, முறிந்து பால் காயாத கிளை ஆகியவற்றைக் கண்டால் அங்கேயே நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். நம்மிடமிருந்து அதை நோக்கிக் காற்றுச் சென்றால் யானைக்கு நம் வரவு தெரியும்; எதிர்மாறாக இருந்தால் அது அறியாமலே நாம் நெருங்கிவிடுவோம், அதுவே பெரிய ஆபத்து.

ஏறத் தொடங்கும் முன் குழுவை வரிசைப்படுத்துவதில் நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. மிக மெதுவாக நடப்பவரை எனக்கு அடுத்தபடியாக நிறுத்துவேன். மிகவும் வலுவானவரைக் கடைசியில் வைப்பேன். மெதுவானவர் பின்னால் இருந்தால், முன்னே சென்றவர்கள் அவருக்காக நின்று இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் மீண்டும் புறப்படுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். அவர் முன்னால் இருந்தால் குழு முழுவதும் அவருடைய மூச்சுக்கு ஏற்ப நடக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை அனைவரும் ஒன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுத்த பின் குடிப்பது தாமதம். பாறைச் சரிவில் முழுப் பாதத்தையும் பதித்து, அடிகளைச் சிறிதாக வைத்து ஏற வேண்டும். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடித்து, உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல் இறங்க வேண்டும். பின்னுக்குச் சாய்ந்தால்தான் கால் வழுக்கும். பாசி படிந்த ஈரப்பாறையையும் உலர்ந்த சருகு மூடிய பாறையையும் ஒரே அளவுக்கு அஞ்ச வேண்டும்.

பாறைமுகங்களில் மலைத்தேனீ கூடு கட்டுவது நம் பகுதியில் வழக்கம். வாசனைத் திரவியம் பூசாமல் வரும்படி முதல் நாளே சொல்லுங்கள். புகை, உரத்த கூச்சல், கல்லெறிதல் மூன்றும் கூடாது. தேனீ கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அடர்ந்த புதருக்குள்ளோ கீழ்நோக்கியோ விலகிச் செல்ல வேண்டும். கை வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பின் வைப்பதே பாம்புக்கான முதற்காப்பு. கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அவரை நடக்க விடாமல் சுமந்து இறக்கி, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியுலன்ஸை அழைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். போர் நடந்த நிலம் இது என்பதையும் வருபவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அறியாத உலோகப் பொருள் எதையும் தொடக் கூடாது, பழகிய பாதையை விட்டு விலகவும் கூடாது.

ஒருவர் பேச்சைக் குறைத்து, முகம் வெளுத்து, வியர்வை வழிய நடப்பாரானால் வெப்பம் அவரைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, கழுத்தையும் அக்குளையும் நனைத்து, ஜீவனி கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிவார். ஆனால் அன்று அவர் அதற்கு மேல் ஏறக் கூடாது. பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வேறு நிலை. கிடைக்கும் நீரையெல்லாம் உடலில் ஊற்றிக் குளிர்வித்தபடியே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

நண்பகலை வெறுமையாக விடுங்கள். கட்டிக்கொண்டு வந்த சோற்றை நிழலில் உண்டு, ஒரு சட்டி எருமைத் தயிரைப் பகிர்ந்து, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, 3.15 அளவில் கல்லடிக் கரைக்கு வந்தால் போதும்.

இனி வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கும் இந்த நீர், பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. புதியவர்களை 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு இருக்கும் முகத்துவாரப் பக்கம் கூட்டிச் செல்லக் கூடாது. வாய் திறந்திருக்கும் காலத்தில் அங்குள்ள நீரோட்டத்தைத் துடுப்பால் வெல்ல முடியாது. 1924 இல் அமைக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் அருகே இறங்கி, புளியந்தீவின் கோட்டை மதிலை அடையாளமாக வைத்து, கண்டல் ஓரமாகச் சென்று திரும்புவதே அவர்களுக்கு ஏற்ற வழி. புதியவர் ஒருவர் அமைதியான நீரில் மணிக்கு மூன்று கிலோமீற்றர் அளவே நகர்வார் என்று கணக்கிடுங்கள்.

படகை நீரில் தள்ளும் முன் கரையிலேயே கால் மணி நேரம் செலவிட வேண்டும். உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை ஒவ்வொருவருக்கும் நீங்களே இழுத்துப் பார்த்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை எழும்பினால் அது தளர்வு. நீந்தத் தெரிந்தவருக்கும் இதில் விலக்கில்லை. துடுப்பை இறுகப் பிடிக்காமல், கையால் மட்டும் வலிக்காமல், இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி வலிக்கக் கற்பியுங்கள். நம் தோணிக்காரர் சவள் என்னும் துடுப்பை வலிக்கும்போது முதுகு எப்படிச் சுழல்கிறது என்பதைக் காட்டினால் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பின்னர் இடுப்பளவு நீரில் ஒவ்வொருவரையும் ஒருமுறை வேண்டுமென்றே கவிழச் செய்யுங்கள். கவிழ்ந்தால் படகைக் கைவிடாமல் பிடித்து, அதன் பக்கவாட்டில் மிதந்து, காலால் உதைத்து உடலை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, மார்பைப் படகின் குறுக்கே ஏற்றி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். கவிழ்வதற்கு அஞ்சுபவர்தான் விறைப்பாக உட்கார்ந்து கவிழ்கிறார். ஒருமுறை விழுந்து எழுந்தவரின் இடுப்பு தளர்ந்துவிடுகிறது, அதன் பின் படகும் அடங்கி நிற்கிறது.

காற்றைப் பற்றி ஒரே விதி: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. கச்சான் காலத்தில்கூடப் பிற்பகலில் கடற்காற்று எழுந்து திசை மாறுவதுண்டு. ஆகவே காலையில் பார்த்த காற்றை நம்பாமல், இறங்கும் நேரத்தில் நீரின் சுருக்கத்தையும் தென்னோலையின் சாய்வையும் பார்த்துப் புறப்படும் திசையைத் தீர்மானியுங்கள். வாவி நடுவில் வெண்ணுரை தெரிந்தால் புதியவர்களை இறக்க வேண்டாம். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருங்கள். நீங்கள் முன்னால் செல்ல, அனுபவம் உள்ள ஒருவர் கடைசியில் வர வேண்டும். எவரும் உங்கள் குரல் எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது.

மீனவரின் வலை கட்டிய கம்புகளைக் கண்டால் சுற்றிச் செல்லுங்கள். அது அவர்களின் அன்றாடச் சோறு. நமது பொழுதுபோக்குக்காக அதன் மேல் துடுப்பு படக் கூடாது. எதிரே தோணி வந்தால் வழிவிட்டு, வணக்கம் சொல்லி, காற்றையும் நீரையும் பற்றி அவர்களிடமே கேட்கலாம். வாவியில் முதலை உண்டு. நாணலும் புல்லும் அடர்ந்த ஒதுக்கங்களுக்குள்ளும் வாய்க்கால் விழும் இடங்களிலும் நுழைய வேண்டாம், கையையும் காலையும் நீரில் தொங்கவிட வேண்டாம். மீனவர்கள் முதலை கண்டதாகச் சொல்லும் பக்கத்தை அன்று முழுவதும் தவிர்த்துவிடுங்கள், இறங்குதுறையே அப்பக்கம் என்றால் அன்று நீரில் இறங்கவே வேண்டாம். கண்டல்களுக்கு இடையே தில்லை மரமும் நிற்கும். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கும். கிளையைப் பிடித்து ஓய்வெடுக்கும் பழக்கத்தை அதனால் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். சேற்றில் இறங்க நேர்ந்தால் சப்பாத்தோடு, பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். அவ்வாறு நடந்தால் அடியில் கிடக்கும் திருக்கை விலகிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு நீரில் அந்த இடத்தை வைத்திருப்பது வலியைக் குறைக்கும், அதன் பின் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மணி 5.00 ஆனதும் திரும்புங்கள். நான் குறிப்பிட்ட மாதங்களில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.30 க்கும் இடையில் மறையும் என்பதால், ஒருவர் களைத்து அவரை இழுத்துவர நேர்ந்தாலும் வெளிச்சத்திலேயே கரையேறலாம். பூரணை நாளில் சென்றிருந்தால் அதே வேளையில் நிலவும் எழும். படகுகளை ஏற்றிக் கட்டிய பின், ஒரு மரத்துடுப்பின் அகன்ற முனையைப் பாலத்தடி நீரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பாடும் மீனின் ஒலியைக் கேட்க நம் முன்னோர் செய்த வழி அது. சில நாட்களில் நீரின் சலசலப்பு மட்டுமே கேட்கும். அவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், நீங்கள் தலைகளை எண்ணிப் பார்த்து, தாளை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அழைப்பெடுத்து, எல்லோரும் கரையில் நிற்பதைச் சொல்லிவிடுங்கள்.